பழைய ஆயில் பெயிண்டிங் என்ன விலை போகும்? டர்பன்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல பிரேம் கடை வெச்சிருக்கிறதால இந்தக் கேள்விங்க ஓயாம காதுல விழுது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட்னு எங்கெங்கிருந்தோ பெட்ஷீட்ல சுத்தி பக்கி (பிக்கப் வண்டி) பின்னாடி வெச்சு கொண்டாராங்க, "தாத்தா காலத்துப் படம், என்ன போகும்?"னு. எல்லாருக்கும் தனித்தனியா சொல்லி மாளல, அதான் ஒரே இடத்துல எழுதிட்டேன். பியர்னீஃப், இர்மா ஸ்டெர்ன் மாதிரி பெரிய பேருங்களுக்கு இது இல்ல, அப்படி ஒண்ணு கையில இருந்தா நேரா பெரிய ஏலக் கம்பெனிக்குப் போயிடுங்க. யாருமே கேள்விப்படாத ஒருத்தர் வரைஞ்ச, பிரேம் போட்ட பழைய படத்துக்குத்தான் இதெல்லாம்.

மேல படிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்: முன்பக்கத்தைத் தொடைக்காதீங்க, பின்பக்கத்துல இருக்கிற எதையும் கிழிக்காதீங்க.

தாத்தா வாங்கினது, எப்படியும் எழுபது வருஷம் ஆயிருக்கும், பழசுன்னாலே விலை ஜாஸ்திதானே?

இல்லீங்க. வயசுக்கு மட்டும் யாரும் காசு தரமாட்டாங்க. இந்த நாட்டுல ஞாயித்துக்கிழமை ஓவியர்கள் எக்கச்சக்கம் பேர் இருந்தாங்க, ஸ்கூல் டீச்சர், பேங்க் ஆபீசர், டாக்டர் பொண்டாட்டின்னு, எல்லாரும் ட்ராக்கன்ஸ்பர்க் மலை, கேப் பக்கத்து வெள்ளை வீடு, ஜாடியில புரோட்டியா பூ, இதையே திரும்பத் திரும்ப வரைஞ்சு தள்ளியிருக்காங்க. அதெல்லாம் இப்போ எழுபது எண்பது வருஷப் படம்தான், ஆனா வாங்க ஆள் கம்மி.

முதல்ல பாக்குறது, இந்தப் பேருக்கு இதுக்கு முன்னாடி யாராவது பொது ஏலத்துல காசு குடுத்திருக்காங்களான்னுதான். அப்புறம்தான் படத்துல என்ன இருக்கு, சைஸ் என்ன, எந்த நிலைமையில இருக்கு, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்துச்சு, இதெல்லாம். அழகா இருக்கா இல்லையாங்கிறது எங்கேயோ கடைசில வருது, கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். நான் பாக்குற வரைக்கும் பேர் தெரியாத படங்கள்ல பாதிக்கு மேல சில நூறு ரேண்ட்லேருந்து சில ஆயிரம் ரேண்டுக்குள்ளதான் நிக்குது. அதுக்கு மேல போறது எதனாலன்னு கீழ சொல்றேன்.

இது நிஜமாவே ஆயில் பெயிண்டிங்கா இல்ல பிரிண்டா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கோங்க, நகைக்கடைக்காரங்க வெச்சிருக்கிற சின்ன லென்ஸ் இருந்தா இன்னும் நல்லது. வானம், கன்னம் மாதிரி கலர் மெதுவா மாறுற இடத்துல வெச்சுப் பாருங்க. குட்டிக் குட்டிப் புள்ளியா, நீலம் சிவப்பு மஞ்சள் கருப்புன்னு பூ மாதிரி அடுக்கா தெரிஞ்சா பிரிண்ட், அத்தோட முடிஞ்சுது. அப்புறம் ரூம் லைட்டை அணைச்சிட்டு டார்ச்சை படத்துக்குப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. ஆயில்னா பிரஷ் போன மேடு பள்ளம் எல்லாம் நிழலோட தெரியும்.

இதுல ஒரு ஏமாத்து வேலையும் இருக்கு. கேன்வாஸ் மேல பிரிண்ட் போட்டு அதுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பசையை பிரஷ்ஷால தடவி மேடு பள்ளம் பண்ணியிருப்பாங்க. அப்போ மேடு ஒரு பக்கம் போகும், படத்துல இருக்கிற கிளை இன்னொரு பக்கம் போகும், ரெண்டும் ஒட்டவே ஒட்டாது. கண்ணாடிக்குள்ள இருக்குன்னா பெரும்பாலும் வாட்டர் கலர் இல்ல பிரிண்ட், ஆயிலுக்கு வழக்கமா கண்ணாடி போடமாட்டாங்க, ஆனா சில வீட்டுல தூசிக்கு பயந்து போட்டிருப்பாங்க, அதனால அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

எங்க ஆயா வீட்டு லவுஞ்ச்ல நீலப் பச்சை மூஞ்சியோட ஒரு சீனப் பொண்ணு படம் இருக்கு, அது பயங்கர விலைக்குப் போச்சுன்னு சொன்னாங்களே?

போச்சு, ஆனா உங்களுது இல்ல. அது கேப் டவுன்ல இருந்த விளாடிமிர் ட்ரெட்சிகாஃப் வரைஞ்சது, அசல் படம் 2013ல லண்டன் பான்ஹம்ஸ் ஏலத்துல 9,82,050 பவுண்டுக்குப் போச்சு. அந்த மனுஷன் அசலை வித்ததைவிட அதோட பிரிண்டைத்தான் உலகம் பூரா வித்தார், டர்பன்ல எந்தத் தெருவுல தேடினாலும் ஒண்ணு கிடைக்கும். பிரிண்டுக்கும் பழைய பிரேமோட இருந்தா ஆசைப்பட்டு வாங்குறவங்க இருக்காங்க, அதனால தூக்கிப் போட்டுடாதீங்க, வீடு வாங்குற கனவு மட்டும் வேண்டாம்.

படத்தோட பின்னாடி பாருங்கன்னு சொல்றாங்க, அங்க வெறும் அழுக்கும் ஒட்டடையும்தானே இருக்கு?

பேர் தெரியாத படத்துக்கு பின்பக்கம்தான் ஜாதகம். சுவத்துலேருந்து இறக்கி, மெத்தை மேல குப்புற வெச்சு, நிதானமா பாருங்க.

முதல்ல விலை. தென்னாப்பிரிக்கா 1961 பிப்ரவரி 14 அன்னைக்குத்தான் பவுண்டை விட்டுட்டு ரேண்டுக்கு மாறுச்சு. அதனால பென்சில்ல பவுண்டு ஷில்லிங்ல விலை எழுதியிருந்தா, இல்ல கின்னின்னு (பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) எழுதியிருந்தா, படம் அதுக்கு முன்னாடி உள்ளூர்ல விலைக்கு வந்ததுன்னு கிட்டத்தட்ட தைரியமா சொல்லலாம். அப்புறம் பிரேம் கடை லேபிள். அட்ரஸ்ல நாலு இலக்க போஸ்டல் கோடு இருந்தா 1973க்கு அப்புறம் ஒட்டினது, ஏன்னா கோடே அப்போதான் வந்துச்சு. நம்ம மாகாணத்தோட பேர் வெறும் நேட்டால்னு இருந்தா 1994க்கு முன்னாடி, குவாசுலு நேட்டால்னு இருந்தா அதுக்கு அப்புறம். வெஸ்ட் ஸ்ட்ரீட், ஸ்மித் ஸ்ட்ரீட், கிரே ஸ்ட்ரீட்னு பழைய பேர் இருக்கிறதை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, இன்னைக்கும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்றோம். ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க, லேபிள் பிரேம் போட்ட தேதியைத்தான் சொல்லும், வரைஞ்ச தேதியை இல்ல, பழைய படத்துக்கு புது பிரேம் போடுறதுதானே என் பொழப்பே.

அடுத்து கேன்வாஸ். துருப்பிடிச்ச சின்ன ஆணி வரிசையா அடிச்சிருந்தா பழைய முறை, ஸ்டேப்பிள் பின் இருந்தா பெரும்பாலும் 1950களுக்கு அப்புறம், இல்லைன்னா பின்னாடி யாரோ திரும்ப இழுத்துக் கட்டியிருக்காங்க. கேன்வாஸ் துணியிலேயே வின்சர் அண்ட் நியூட்டன், ரீவ்ஸ், ரௌனி மாதிரி கம்பெனி முத்திரை மங்கலா இருக்கும், அதை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. துணியே இல்லாம பழுப்புக் கலர் ஹார்ட்போர்ட்ல வரைஞ்சிருந்தா கேவலமா நினைக்காதீங்க, கேன்வாஸைவிட மலிவுன்னு நிறைய நல்ல ஓவியர்களே அதுலதான் வரைஞ்சாங்க.

ஒரு ஆன்ட்டி கொண்டுவந்த படத்துல முன்னாடி பாத்தா கடலும் பாறையும், சாதாரணம். பின்னாடி ஹார்ட்போர்ட்ல பென்சில்ல "12 கின்னி", அதுக்குக் கீழ படத்தோட பேர், ஓரத்துல என்எஸ்ஏன்னு, அதாவது நேட்டால் ஓவியர் சங்கத்தோட, பாதி கிழிஞ்ச ஒரு கண்காட்சிச் சீட்டு, அதுல ஒரு நம்பர். ஒரு கின்னி 21 ஷில்லிங், ஒரு பவுண்டுக்கு ரெண்டு ரேண்ட் கணக்குல பாத்தா 25 ரேண்ட் 20 சென்ட். முக்கியம் அந்தத் தொகை இல்ல, கண்காட்சியில வெச்சு, நம்பர் போட்டு, விலை சொல்லி வித்த படம்ங்கிறது. அந்தச் சீட்டு இல்லைன்னா அது வெறும் கடல், பாறை. அந்த ஆன்ட்டியோட பையன் பின்பக்கத்தை சோப்புத் தண்ணி போட்டு கழுவலாம்னு இருந்தானாம்.

கையெழுத்து படிக்கவே முடியல, கோழி கிறுக்கின மாதிரி இருக்கு, என்ன பண்றது?

டார்ச்சை சாய்ச்சு அடிச்சு போன்ல போட்டோ எடுத்து, கலரை எடுத்துட்டு கருப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட் ஏத்திப் பாருங்க. நாலு மூலையும் பாருங்க, பிரேமோட உள் ஓரம் கையெழுத்தை மறைச்சிருக்கும், அதனால பிரேமை விட்டு வெளிய எடுத்தா சில நேரம் முழுப் பேரே வந்து நிக்கும். வெறும் ரெண்டு எழுத்து மட்டும் இருந்தா பின்பக்கம்தான் கதி.

கையெழுத்து நிஜமான்னு ஒரு சின்ன சோதனை: பழைய ஆயில்ல மெல்லிசா வெடிப்பு விட்டிருக்கும் இல்லையா, அந்த வெடிப்பு கையெழுத்தையும் சேத்து பிளந்துட்டுப் போகணும். கையெழுத்து மசி வெடிப்புக்குள்ள வழிஞ்சு இறங்கியிருந்தா அதை பின்னாடி யாரோ போட்டிருக்காங்க. யூவி (புற ஊதா) டார்ச் இருந்தா இருட்டுல அடிங்க, பழைய வார்னிஷ் பச்சையா மங்கலா ஒளிரும், அதுக்கு மேல கையெழுத்து கருப்பா தனியா மிதந்தா சந்தேகப்படணும்.

"டி யோங்"னு கையெழுத்து தெளிவா இருக்கு, நெட்ல பாத்தா பெரிய ஆளுன்னு வருது, அடிச்சது லக்கா?

எந்த டி யோங்? டீனஸ் டி யோங் 1885ல பொறந்து 1942ல செத்தவர், ஹாலந்துலேருந்து வந்தவர். அவர் மகன் கேப்ரியல் டி யோங் 1913லேருந்து 2004 வரைக்கும் இருந்தவர். ரெண்டு பேரும் கேப் மலையும் வெள்ளை வீடும்தான் வரைஞ்சாங்க, அதுதான் குழப்பமே. அப்பா படத்துக்கு ஒரு விலை, மகன் படத்துக்கு ஒரு விலை, அதே குடும்பப் பேர் உள்ள சம்பந்தமே இல்லாத ஒருத்தர் வரைஞ்சிருந்தா அது வேற கதை. நம்ம ஊர்ல நாயுடு, கவுண்டர், பிள்ளைன்னா எத்தனை பேரோ அந்த மாதிரிதான் டச்சு வழி வெள்ளைக்காரங்களுக்கு டி யோங், வான் டெர் மெர்வ எல்லாம்.

அதனால முதல் பேர், இல்ல முதல் எழுத்தாவது, கண்டிப்பா வேணும். அப்புறம் ஏல சைட்ல அதே ஓவியரோட கையெழுத்து குளோஸப் இருக்கும், எழுத்தோட சாய்வு, எந்த மூலையில போடுவார், தேதி போடுவாரா மாட்டாரா, இதை ஒத்துப் பாருங்க.

கூகுள்ல பேரைப் போட்டா ஒண்ணுமே வரல, அப்போ மதிப்பே இல்லையா?

கூகுள்ல வராதது வேற, இல்லாதது வேற. எஸ்மே பெர்மன் 1970ல போட்ட தென்னாப்பிரிக்க ஓவியர் அகராதி பெரிய லைப்ரரிங்கள்ல இருக்கும், அதுல முதல்ல பாருங்க. பிறகு டர்பன் சிட்டி ஹால்ல இருக்கிற ஆர்ட் கேலரி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல டேதம் கேலரி, கிளென்வுட் புல்வர் ரோடுல கேஇசட்என்எஸ்ஏ (அந்த நேட்டால் ஓவியர் சங்கம்தான் இப்போ இந்தப் பேர்ல இருக்கு), இவங்களுக்கு போட்டோ அனுப்பி "இந்தப் பேர்ல யாராவது காட்சிக்கு வெச்சிருக்காங்களா"ன்னு கேளுங்க. விலை சொல்லமாட்டாங்க, அது அவங்க வேலை இல்ல, ஆனா பேரைப் பத்தி ஒரு துப்பு கிடைக்கும். திடுதிப்னு படத்தைத் தூக்கிட்டுப் போய் நிக்காதீங்க, முன்னாடி ஈமெயில் போடுங்க.

பெண் ஓவியரா இருந்தா இன்னொரு சிக்கல், கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பேர், அப்புறம் ஒரு பேர், சில பேர் ரெண்டையும் கோடு போட்டுச் சேத்து. ரெண்டு விதமாவும் தேடுங்க.

எங்கேயும் கிடைக்கலைன்னா அலங்காரப் படமா இருக்க வாய்ப்பு அதிகம். 1960கள்லேருந்து வெளிநாட்டுல வரிசையா உக்காந்து ஒரே காட்சியை நூத்துக்கணக்குல கையால வரைஞ்சு அனுப்பினாங்க, சோபாவுக்கு மேல மாட்ட. ஆயில்தான், கையால வரைஞ்சதுதான், கையெழுத்தும் இருக்கும், ஆனா அந்தப் பேர்ல ஒரு ஆள் இருந்தானான்னே தெரியாது.

அதே ஓவியரோட படம் ஆன்லைன்ல 45,000 ரேண்ட்னு போட்டிருக்கு, அப்போ எனக்கும் அதுதானே?

அது கேக்குற விலை, போன விலை இல்ல. நான் கூட என் பழைய பக்கிக்கு பத்து லட்சம் கேக்கலாம், யார் தடுக்கிறா. ஏல முடிவுகளைப் பாருங்க, ஸ்ட்ராஸ், ஸ்டீஃபன் வெல்ஸ், ஆஸ்பயர் மாதிரி கம்பெனிங்க பழைய ஏல முடிவுகளை சைட்லயே வெச்சிருக்காங்க.

ஒப்பிடும்போது அதே ஓவியர், அதே ஆயில், ஏறக்குறைய அதே சைஸ், அதே மாதிரி விஷயம், கடந்த சில வருஷத்துக்குள்ள போனது, இப்படி நாலஞ்சாவது தேடி எடுங்க. சைஸ் பிரேமை விட்டு படத்தை மட்டும்தான் அளக்கணும், உயரம் முதல்ல, அகலம் அடுத்தது. விக்காம திரும்பிப்போன படங்களையும் எண்ணிக்கோங்க, பத்து வெச்சு மூணுதான் போச்சுன்னா அந்த மூணோட விலையை நம்பி உக்காரக்கூடாது. இன்னொண்ணு, ஏல முடிவுல போடுற தொகையில சில கம்பெனி வாங்குறவர் ஏல விலைக்கு மேல கம்பெனிக்குக் கட்டுற பிரீமியத்தையும் சேத்துப் போடும், அது உங்க கைக்கு வராத காசு.

ஏல கேட்டலாக்ல சில படத்துக்கு "பேர்ஸ் சிக்னேச்சர்", "அட்ரிபியூட்டட் டு", "ஆஃப்டர்"னு போடுறாங்களே, அது என்ன?

நாசூக்கா கை கழுவுற பாஷை. "சைன்ட்"னு போட்டா கையெழுத்து அவரோடதுதான்னு நம்புறாங்க. "பேர்ஸ் சிக்னேச்சர்"னா பேர் எழுதியிருக்கு, அவர்தான் எழுதினாரான்னு எங்களைக் கேக்காதீங்க. "அட்ரிபியூட்டட்"னா அவரா இருக்கலாம், "ஆஃப்டர்"னா அவர் படத்தைப் பாத்து வேற யாரோ வரைஞ்சது. ஒவ்வொரு படியிலயும் விலை மளமளன்னு இறங்கும். விலை ஒப்பிடும்போது இந்த வார்த்தைங்களை விட்டுட்டா மொத்தக் கணக்கும் தப்பாயிடும்.

சாமி ரூம்ல மாட்டியிருந்தோம், விளக்குப் புகையில கருப்பாயிடுச்சு, உருளைக்கிழங்கு வெட்டித் தேச்சா பளிச்னு ஆயிடும்னு பெரியம்மா சொல்றாங்க, பண்ணலாமா?

பெரியம்மா கால்ல விழுந்து கேக்குறேன், வேண்டாம். உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டி, பேபி ஆயில், மெதிலேட்டட் ஸ்பிரிட், எதுவும் வேண்டாம். உருளைக்கிழங்குல மாவும் ஈரமும் இருக்கு, அது வெடிப்புக்குள்ள போய் உக்காந்து பூசணத்துக்கு சோறு போடும். ஸ்பிரிட் வார்னிஷைக் கரைக்கும், கூடவே பெயிண்டையும்.

நம்ம வீட்டுப் படங்களுக்குன்னே ஒரு அழுக்கு இருக்கு. கற்பூரம், சாம்பிராணி, நல்லெண்ணெய் விளக்கு, இது மூணும் சேந்து எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலமா படிஞ்சு, அது மேல தூசி ஒட்டி, வெள்ளைக்காரங்க வீட்டு சிகரெட் மஞ்சளைவிட பிடிவாதமா நிக்கும். கன்சர்வேட்டர்கிட்ட, அதாவது பழைய படத்தை சுத்தம் பண்ணி சரி பண்ற நிபுணர்கிட்ட, குடுத்தா ஒரு ஓரத்துல சின்னதா சோதிச்சுப் பாத்துட்டுத்தான் தொடுவாங்க. நீங்க பண்ணக்கூடியது ஒண்ணே ஒண்ணு: பெயிண்ட் எங்கேயும் உரியலன்னா மட்டும், சுத்தமான மெத்து பிரஷ்ஷால மேலேருந்து கீழ லேசா தூசி தட்டுங்க. சாமி ரூம்லேருந்து எடுத்து வேற சுவருக்கு மாத்துங்க, சாமி கோவிச்சுக்காது.

டர்பன் ஈரத்துல பின்பக்கம் வெள்ளையா பூசணம், பிரேம்ல குட்டிக் குட்டி ஓட்டை, இதால விலை போயிடுமா?

குறையும், போயிடாது. ஓட்டைக்குக் கீழ மாவு மாதிரி புதுசா தூள் கொட்டுதான்னு பாருங்க, கொட்டினா பூச்சி இன்னும் உயிரோட இருக்கு. வீடு விக்கிறப்போ இந்த ஊர்ல பீட்டில் சர்ட்டிஃபிகேட் கேக்குறாங்களே, அதே மரப்பூச்சிப் பிரச்சினைதான். அந்தப் பிரேமை மத்த மரச் சாமான் பக்கத்துல வெக்காதீங்க. பூசணம் இருந்தா காத்தாடுற, வெயில் நேரா படாத இடத்துல பிரேமை விட்டு வெளிய வெச்சு உலர விடுங்க, வெயில்ல காய வெச்சா கேன்வாஸ் ஒரு வேகத்துல சுருங்கும், பெயிண்ட் ஒரு வேகத்துல சுருங்கும், அப்புறம் செதில் செதிலா கொட்டும். திரும்ப மாட்டும்போது வெளிச்சுவருல மாட்டாம உள்சுவருல மாட்டுங்க, பின்னாடி காத்து போக நாலு மூலையிலயும் சின்ன கார்க் துண்டு ஒட்டுங்க.

பிரேமை புதுசா மாத்தினா விலை ஏறுமா?

பிரேம் கடைக்காரனே சொல்றேன், விக்கிறதுக்காக மாத்தாதீங்க. கியாட், இம்புயா மரத்துல செஞ்ச பழைய பிரேம் அந்தக் காலத்துப் படத்தோட சேந்து வந்தா அதுவே ஒரு சாட்சி. பூச்சி தின்னு மாத்தியே ஆகணும்னா பழைய பிரேம்ல இருக்கிற லேபிளை வெட்டி எடுத்து கவர்ல போட்டு படத்தோட வெச்சுக்கோங்க.

கேன்வாஸ்ல ஒரு கிழிசல் இருக்கு, சரி பண்ணிட்டு விக்கலாமா இல்ல அப்படியே விக்கலாமா?

முதல்ல விலை கேளுங்க, அப்புறம் ரிப்பேர். 3,000 ரேண்ட் போகுற படத்துக்கு 5,000 ரேண்ட் ரிப்பேர் பண்றது வீண். பேர் உள்ள ஓவியர்னு தெரியவந்தா ஏலக்காரங்களே சில நேரம் "தொடாம கொண்டாங்க, நாங்க பாத்துக்கறோம்"னு சொல்வாங்க. பின்னாடி டேப் ஒட்டுறது, பெவிகால் தடவுறது மட்டும் பண்ணிடாதீங்க, அதை எடுக்கத்தான் கன்சர்வேட்டர் ஜாஸ்தி காசு வாங்குவார்.

சரி, யார்கிட்ட காட்டுறது? காசு கேப்பாங்களா?

விக்கிற எண்ணம் இருந்தா மேல சொன்ன மாதிரி ஏலக் கம்பெனிங்களுக்கு ஈமெயில் போடுங்க, உத்தேச விலை சும்மாவே சொல்லுவாங்க. முன்பக்கம், பின்பக்கம் முழுசா, கையெழுத்து, ஒவ்வொரு லேபிள், சேதம், எல்லாத்துக்கும் தனித்தனி போட்டோ, கூடவே பிரேம் இல்லாத சைஸ், உங்க குடும்பத்துக்கு எப்படி வந்துச்சுன்னு நாலு வரி. பகல் வெளிச்சத்துல ஃபிளாஷ் இல்லாம எடுங்க. "எங்களுக்கு ஒத்துவராது"ன்னு பதில் வந்தா படம் மோசம்னு அர்த்தம் இல்ல, அவங்களோட குறைஞ்சபட்ச விலைக்குக் கீழன்னு அர்த்தம், உள்ளூர் சின்ன ஏலக் கூடத்துல போடலாம்.

எழுத்துல சர்ட்டிஃபிகேட் வேணும்னா காசு குடுத்து மதிப்பீட்டாளர்கிட்ட போகணும். அவர் மணிக்கணக்குக்கோ மொத்தமா ஒரு தொகையோ கேட்டா சரி. "மதிப்புல இவ்வளவு சதவீதம்"னு கேட்டா வேற ஆளைப் பாருங்க, மதிப்பு ஏற ஏற அவருக்குத்தானே லாபம். மதிப்பு சொல்லிட்டு அதே மூச்சுல "நானே வாங்கிக்கறேன்"னு சொல்ற ஆள்கிட்டயும் அதே ஜாக்கிரதை வேணும். வாசல்ல வந்து "பழைய பிரேமுக்கு 500 தரேன்"னு கேக்குறவருக்கு பிரேம் மேல இல்ல கண்ணு.

ஒருத்தர் 2,000ங்கிறார், இன்னொருத்தர் 5,000ங்கிறார், இன்சூரன்ஸ் பேப்பர்ல 12,000 இருக்கு, யார் பொய் சொல்றா?

யாருமே பொய் சொல்லாம இருக்கலாம். 2,000ங்கிறது வியாபாரி இப்பவே கையில குடுக்கிற காசு, அவர் வித்து லாபம் பாக்கணும். 5,000 ஏலத்துல போகலாம்ங்கிற உத்தேசம். 12,000 வீடு தீப்பிடிச்சா அதே மாதிரி ஒண்ணை கடையில போய் வாங்க எவ்வளவு ஆகும்ங்கிற கணக்கு. சாவுக்கு அப்புறம் சொத்துக் கணக்குல எழுதுறது சந்தை விலை, இன்சூரன்ஸ் விலை இல்ல. இதைக் குழப்பிக்கிட்டு எத்தனையோ குடும்பத்துல சண்டை. மதிப்பு கேக்கும்போதே எதுக்காகன்னு சொல்லிடுங்க, சர்ட்டிஃபிகேட்லயும் அதையும் தேதியையும் எழுதச் சொல்லுங்க.

ஏலத்துல 10,000 ரேண்டுக்குப் போனா கைக்கு 10,000 வருமா?

வராது. கமிஷன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 15 சதவீதம்னு வெச்சுக்கோங்க, 1,500. அந்தக் கமிஷன் மேல 15 சதவீதம் வாட், 225. மிச்சம் 8,275. அதுலேருந்து போட்டோ, இன்சூரன்ஸ், ஜோஹன்னஸ்பர்க் வரைக்கும் அனுப்புற செலவு. விக்கலன்னா திரும்பக் கொண்டார செலவும் உங்க தலையில விழலாம், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. ரிசர்வ் விலைன்னு ஒண்ணு போடச் சொல்லலாம், அதுக்குக் கீழ விக்கமாட்டாங்க, ஆனா பேர் தெரியாத ஓவியருக்கு ரிசர்வை ஏத்திவெச்சா படம் போகாம தங்கிடும், போகாத படம்னு நெட்ல பதிவும் ஆயிடும்.

வித்தா சார்ஸுக்கு (நம்ம வரித் துறை) வரி கட்டணுமா?

வீட்டுல மாட்டியிருந்த சொந்தப் படத்தை வித்தா பொதுவா இல்ல, சொந்த உபயோகப் பொருளுக்கு மூலதன ஆதாய வரி விலக்கு இருக்கு. வாங்கி வாங்கி விக்கிறதையே தொழிலா பண்ணினா அது வருமானம். தவறினவங்க சொத்துல வந்த படம்னா எக்சிக்யூட்டர், அதாவது அந்தச் சொத்தை நிர்வகிக்கிறவர், கணக்குல சேக்கணும். எஸ்டேட் டியூட்டில (தவறினவங்க சொத்து மேல போடுற வரி) மொத்த சொத்துக்கு 35 லட்சம் ரேண்ட் கழிவு இருக்கிறதால இந்த மாதிரி ஒரு படத்தால பெரும்பாலான குடும்பத்துக்கு ஒண்ணும் ஆகாது.

படத்துல பழைய இந்தியன் மார்க்கெட் இருக்கு, வரைஞ்சவர் யாருன்னே தெரியல, அதுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

உண்டு. விக்டோரியா ஸ்ட்ரீட்ல இருந்த பழைய மார்க்கெட் 1973ல எரிஞ்சு போச்சு. இந்தியர்கள் இருந்த கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் எல்லாம் குரூப் ஏரியாஸ்ங்கிற, இனவாரியா குடியிருப்பைப் பிரிச்ச சட்டத்துல காலி பண்ணி நம்ம ஆளுங்களை சாட்ஸ்வொர்த்துக்கு ஏத்தினாங்க. போட்டோவே அபூர்வமா இருக்கிற இடங்களை ஒருத்தர் உக்காந்து கலர்ல வரைஞ்சிருக்கார்னா, கையெழுத்து இல்லைன்னாலும் உள்ளூர்ல சேகரிக்கிறவங்க வாங்குவாங்க. இதே ஓவியர் வரைஞ்ச மலைக் காட்சிக்குக் கிடைக்காத விலை இதுக்குக் கிடைக்கும். விக்கிறதுக்கு முன்னாடி டெர்பி ஸ்ட்ரீட்ல இருக்கிற, இந்தியர் வரலாற்றுக்கான 1860 ஹெரிடேஜ் சென்டர்ல காட்டுங்க, இல்ல யுனிவர்சிட்டியோட வெஸ்ட்வில் கேம்பஸ் ஆவணக் காப்பகத்துல. காசு வராட்டியும் எந்தக் கடை, எந்த மூலைன்னு அடையாளம் சொல்ல ஆள் கிடைப்பாங்க, அந்த அடையாளத்தோட வித்தா விலை வேற.

இன்னைக்குப் பேர் தெரியாதவர் நாளைக்குப் பெரிய ஆளாயிட்டா? இப்போ வித்துட்டு அப்புறம் வயிறெரியணுமா?

ஆனவங்க இருக்காங்க, கறுப்பு ஓவியர்கள் ரெண்டு பேரைச் சொல்றேன். ஜெரார்ட் செகோட்டோ 1947ல பாரிஸுக்குப் போனவர், 1993ல அங்கேயே செத்தார், ஊர் அவரைத் தலையில தூக்கி வெச்சது கடைசிக் காலத்துலதான். ஜார்ஜ் பெம்பா நியூ பிரைட்டன்ங்கிற கறுப்பர் குடியிருப்புல கடை வெச்சுப் பொழச்சுக்கிட்டே வரைஞ்சவர், எண்பது வயசு நெருங்கினப்புறம்தான் பெரிய கேலரிங்க கண்ணுக்குத் தெரிஞ்சார். ஆனா இவங்க ரெண்டு பேரும் சும்மா பேர் தெரியாதவங்க இல்ல, சின்ன வயசுலேயே கண்காட்சி, ஆர்ட் சொசைட்டின்னு தடம் பதிச்சவங்க. செகோட்டோ படத்தை ஜோஹன்னஸ்பர்க் ஆர்ட் கேலரி 1940லேயே வாங்கியிருக்கு.

அதனால உங்க ஓவியருக்கு அப்படி ஒரு தடம் இருக்கான்னு பாருங்க: கண்காட்சிச் சீட்டு, பேப்பர்ல ஒரு துணுக்கு, ஏதாவது கேலரியில ஒரு படம். பழைய வெள்ளைக்கார ஓவியர் போட்ட மலைக் காட்சிக்கு ஆசைப்படுற தலைமுறை குறைஞ்சுக்கிட்டு வருது, கறுப்பு, இந்திய ஓவியர்களைத் தேடுறவங்க கூடிக்கிட்டு வராங்க. பேர்ல நாயுடுவோ கோவிந்தரோ தெரிஞ்சா, அதுவும் பின்னாடி டர்பன் வெஸ்ட்வில் யுனிவர்சிட்டின்னு (இந்தியர்களுக்குன்னு ஆரம்பிச்சது) ஏதாவது இருந்தா, நான் இருந்தா அவசரப்படமாட்டேன்.

பொண்ணு ஆஸ்திரேலியாவுல செட்டில் ஆயிட்டா, படத்தை அவகிட்ட அனுப்பலாமா?

நேரா கூரியர்ல போட்டுடாதீங்க. 1999 தேசிய பாரம்பரியச் சட்டப்படி பழைய கலைப் பொருள்ல சில வகைக்கு சாஹ்ரா (பாரம்பரியப் பொருள்களைப் பாத்துக்கிற அரசு அமைப்பு) பர்மிட் இல்லாம நாட்டை விட்டு வெளிய போகக்கூடாது. ஐம்பது வருஷம் தாண்டின படம், ஓவியரும் உயிரோட இல்லைன்னா போட்டோவோட சாஹ்ராவுக்கு எழுதிக் கேட்டுட்டு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க, படம் 900 ரேண்ட்தான்னாலும். அடுத்தது ஆஸ்திரேலியாவுல மரத்துக்கு கெடுபிடி ஜாஸ்தி, பூச்சி ஓட்டை உள்ள பிரேமோட அனுப்பினா நிறுத்தி வெச்சிடுவாங்க, அதனால பிரேமை இங்கேயே விட்டுட்டு படத்தை மட்டும் அனுப்பலாம். சுருட்டி அனுப்பறதா இருந்தா பெயிண்ட் பக்கம் வெளிய இருக்கிற மாதிரி, அகலமான குழாய்ல சுத்தணும். உள்பக்கமா சுருட்டினா பிரிக்கும்போது பெயிண்ட் நொறுங்கும். ரொம்பப் பழசு, இறுகிப்போயிருக்குன்னா சுருட்டவே கூடாது.

அம்மா போனப்புறம் நாங்க மூணு பேர், மூணு பேருக்கும் அந்தப் படம்தான் வேணும், எப்படிப் பிரிக்கிறது?

மூணு பேரும் ஒத்துக்கிற ஒரு வெளி ஆள்கிட்ட சந்தை விலை வாங்குங்க, ஏல உத்தேசம் போதும், இன்சூரன்ஸ் விலையை வெச்சுப் பிரிக்காதீங்க, எடுத்துக்கிறவர் தலையில கட்டின மாதிரி ஆயிடும். உத்தேசம் 4,000லேருந்து 6,000னு வந்தா நடுவுல 5,000னு வெச்சுக்கிட்டு, படத்தை எடுத்துக்கிறவர் மத்த ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 1,667 குடுத்துடணும். யாருக்குன்னு முடிவாகலன்னா மூணு பேரும் ஆளுக்கொரு தொகையை சீட்டுல எழுதிப் போடுங்க, அதிகமா எழுதினவருக்குப் படம், மத்தவங்களுக்கு அந்தத் தொகையில மூணுல ஒரு பங்கு. எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பியை கவர்ல வெச்சு படத்தோட பின்னாடி செருகிடுங்க. ஒட்டாதீங்க.